ஜொகூர் கண்ட இலண்டன்

ஊர் காணும் இன்பம் தமிழர்க்குப் புதியதன்று. இளங்கோவடிகள் அதற்கென ஒரு காதையையே ஒதுக்கி, ‘ஊர்காண் காதை’ என்று பெயரும் சூட்டினார். கண்ணகியைக் கவுந்தியடிகளின் காவலில் விட்டுக் கோவலன் மதுரை மாநகருள் நுழைகிறான். தன் குலத்து வணிகரைக் கண்டு தன் நிலையை உரைத்து வருவதே அவன் நோக்கம். ஆயின் நகரத்தின் அழகு அவனை ஆட்கொண்டு விடுகிறது. மணிகள் குவிந்த வீதி, பொன் வீதி, அறுவை வீதி, கூல வீதி என ஒவ்வொன்றாகக் கண்டு களித்து, மதிலின் புறத்தே மகிழ்ச்சியோடு திரும்புகிறான். எந்த வணிகரைக் கண்டான், என்ன பேசினான் என்பது பற்றிக் காதையில் ஒரு சொல்லும் இல்லை. ஊரைக் கண்டான், வந்த காரியத்தை மறந்தான். அந்நகரிலேயே அவன் கதை முடிந்தது உலகறிந்த செய்தி.

பெருநகரம் ஒவ்வொன்றும் தன்னைக் காண வருவோர்க்கு இச்சோதனையை வைக்கிறது. கண்ணுக்கு விருந்தளிக்கும் அதே வேளையில் கருத்தை மயக்குகிறது. அச்சோதனையில் ஒருவர் தேறினாரா என்பதை அவர் பார்த்த காட்சிகளின் பட்டியல் சொல்லாது. திரும்பி வந்தபோது அவர் தம் ஊருக்கு என்ன கொண்டு வந்தார் என்பதே சொல்லும். இதற்கு ஜொகூர் மண்ணிலேயே ஓர் அரிய சான்று உண்டு.

முதற்பயணம்

1866 ஆம் ஆண்டு ஜொகூரின் தெமெங்கோங் அபு பாக்கார் இங்கிலாந்துக்குப் பயணமானார். மலாய் ஆட்சியாளருள் ஐரோப்பாவுக்குச் சென்ற முதல்வர் அவரே என்பர். அப்போது அவருக்கு வயது 33. சிங்கப்பூரின் தெலுக் பிளாங்காவில் பிறந்து, அங்கே கீஸ்பெர்ரி பாதிரியார் நடத்திய பள்ளியில் பயின்று, 1862 இல் தந்தையார் டாயிங் இப்ராகிம் மறைந்தபின் ஆட்சிப் பொறுப்பை ஏற்றவர் அவர்.

அந்தக் கீஸ்பெர்ரிக்கு மலாய் கற்பித்தவர் மலாக்காவைச் சேர்ந்த முன்ஷி அப்துல்லா என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. தமிழ்க் குருதியும் அரபுக் குருதியும் கலந்த குடியில் தோன்றிய அப்துல்லா, இளமையில் தமிழைக் கற்றுத் தேர்ந்தவர். பின்னாளில் மலாய் உரைநடைக்குப் புதுவழி வகுத்தவர். அவர் மகன் முகமது இப்ராகிம் முன்ஷி, அபு பாக்காரின் அரசில் உயர் பதவி வகித்ததோடு, ஜொகூரின் மேற்குக் கரையோரமாகத் தாம் சென்ற பயணங்களை நூலாகவும் எழுதி வைத்தார். ஆகவே ஊர் கண்டு எழுதும் பழக்கம் ஜொகூரில் வேர் கொண்டபோது, அவ்வேரில் தமிழின் ஈரமும் சிறிது இருந்தது எனலாம்.

1866 இல் ஜொகூர் எத்தகைய நாடாக இருந்தது? தஞ்சோங் புத்திரி என்னும் மீனவர் கடற்கரையில் 1855 இல் குடியேற்றம் தொடங்கிப் பதினோராண்டுகளே ஆகியிருந்தன. சீனக் குடியானவர்கள் ஆற்றங்கரைகளில் காடழித்துக் காம்பியரும் மிளகும் பயிரிட்டனர். அவ்விளைச்சலின் வரியே அரசின் கருவூலம். நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரில் ஆங்கிலேய அதிகாரிகள் அமர்ந்து, ஜொகூரின் ஒவ்வோர் அசைவையும் கண்காணித்து வந்தனர். அவர்களுள் சிலர் அபு பாக்காரை ஓர் அரசராக மதிக்கவும் தயங்கினர். சிங்கப்பூர் அதிகாரியோடு வாதிட்டுக் காலம் கழிப்பதைவிட, அவ்வதிகாரிக்கு ஆணையிடும் இலண்டனோடு நேரே பேசுவதே தக்க வழி என்று அபு பாக்கார் கண்டார். அவர் கப்பலேறிய நோக்கம் அதுவே.

அந்நாளில் சூயஸ் கால்வாய் வெட்டி முடிக்கப்படவில்லை; 1869 நவம்பரிலேயே அது திறக்கப்பட்டது. அதற்கு முன் கீழை நாடுகளிலிருந்து சென்றோர் இலங்கையின் காலித் துறைமுகத்தையும் ஏடனையும் தொட்டுச் சூயஸ் வரை கப்பலில் சென்று, அங்கிருந்து புகைவண்டியில் எகிப்து நாட்டைக் கடந்து, அலெக்சாந்திரியாவில் மீண்டும் கப்பலேறுவது வழக்கம். வாரக்கணக்கில் நீளும் அப்பயணத்தின் இறுதியில் அவர்களை வரவேற்றது, உலகிலேயே பெரிய நகரமாக அன்று விளங்கிய இலண்டன்.

அன்றைய மாநகரம்

1861 ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இலண்டனில் ஏறத்தாழ 28 இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். உரோமானியர் தேம்ஸ் ஆற்றங்கரையில் அமைத்த அந்நகர், 1666 இல் பெருந்தீயில் எரிந்து மீண்டும் எழுந்தது. அத்தீயின் பின் கிறிஸ்டபர் ரென் எழுப்பிய தூய பவுல் பேராலயத்தின் குவிமாடம், நகரத்தின் எந்தத் திசையிலிருந்தும் கண்ணிற்படும். ஆற்றோரமாக, வில்லியம் மன்னன் காலத்துப் பழங்கோட்டை முடியணிகளைக் காத்து நிற்கும். 1834 இல் எரிந்துபோன நாடாளுமன்றம் புதிய கோலம் பூண்டு, அதன் மணிக்கூண்டு 1859 முதல் நகரத்துக்கு நேரம் கூறத் தொடங்கியிருந்தது. தெருக்களின் அடியில், 1863 முதல், நீராவி வண்டிகள் மனிதரைச் சுமந்து ஓடிக்கொண்டிருந்தன. சிடன்ஹாமில் கண்ணாடியாலேயே கட்டப்பட்ட பளிங்கு மாளிகை வெயிலில் ஒளிர்ந்தது.

அதே 1866 இல் அந்நகருக்கு வேறொரு முகமும் இருந்தது. கிழக்கு இலண்டனில் வாந்திபேதி பரவி ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஏழையரைக் கொண்டு சென்றது. பெயர் பெற்ற வங்கி நிறுவனம் ஒன்று மே மாதத்தில் முறிந்து, பணக்காரரும் தெருவில் நின்றனர். ஜூலையில் வாக்குரிமை கேட்டு வந்த தொழிலாளர் கூட்டம் ஹைடு பூங்காவின் இரும்பு வேலியைப் பெயர்த்தெறிந்தது. வாந்திபேதியை ஒழிக்கும் பொருட்டுத் தேம்ஸ் கரையெங்கும் தோண்டிக் கழிவுநீர்ச் சுரங்கங்கள் அமைக்கும் மாபெரும் பணியும் அப்போதே நடந்துகொண்டிருந்தது. கண்ணுள்ளவன் பார்த்தால், ஒரு நகரம் எவ்வாறு உயர்கிறது என்பதோடு எவ்வாறு நோயுறுகிறது, எவ்வாறு தன்னைத் தானே மருத்துவம் செய்துகொள்கிறது என்பதையும் அவ்வாண்டு இலண்டனில் கற்றிருக்கலாம்.

அபு பாக்கார் இன்பம் துய்க்கத் தெரிந்தவர். விருந்தும் நட்பும் குதிரைப் பந்தயமும் அவருக்கு உவப்பானவை. விக்டோரியா மகாராணியார் அவரை வரவேற்றார். பட்டத்து இளவரசர் எட்வர்டு அவருக்கு நண்பரானார். அவ்வாண்டே ‘இந்திய விண்மீன்’ என்னும் வீரப்பட்டமும் வழங்கப்பெற்றது. ஆங்கிலம் பேசி, ஆங்கில நாகரிகத்துக்கு ஏற்ப உடுத்தி, தம் சமயத்திலும் மரபிலும் வழுவாது நின்ற அந்த இளைஞரை இலண்டன் வியந்து நோக்கியது. அவர் நகரத்தைக் காண வந்தார். நகரமோ அவரை ஒரு காட்சியாகக் கண்டது. தொலைநாட்டிலிருந்து பெருநகருக்குச் செல்லும் எவரும் இதனின்று தப்ப இயலாது. தம்மைக் காட்சியாகக் காண்போர் நடுவில் கூச்சமும் கொள்ளாமல், செருக்கும் கொள்ளாமல் நடந்துகொண்டதே அவருடைய திறமை.

கொண்டு வந்தவை

திரும்பியவர் சும்மா இருக்கவில்லை. 1866 இலேயே தலைநகருக்கு ஜொகூர் பாரு, அதாவது புதிய ஜொகூர், என்னும் பெயர் நிலைத்தது. நீரிணையை நோக்கிய மேட்டில், ஐரோப்பியப் பாணியும் மலாய்ப் பாணியும் கலந்த பெரிய அரண்மனை, இஸ்தானா பெசார், அவ்வாண்டே கட்டி முடிக்கப்பட்டது. இரண்டாண்டு கழித்து அவர் ‘மகாராஜா’ என்னும் பட்டத்தைப் பூண்டார். காலப்போக்கில் ஐரோப்பியத் தட்டுமுட்டுப் பொருள்களும், பிரெஞ்சு நாட்டுப் பக்காராவின் பளிங்கு மேசை நாற்காலிகளும் அரண்மனையை அணி செய்தன.

இலண்டனைப் பார்த்து வந்தவரின் ஆர்வத்துக்கு இன்னொரு சான்று, 1869 இல் பணி தொடங்கிய மர இரயில் பாதை. ஜொகூர் பாருவிலிருந்து புலாய் மலையை நோக்கி இரயில் விடுவது திட்டம். இரும்புக்குப் பதிலாக ஜொகூர்க் காட்டு மரத்தையே தண்டவாளமாக இட்டனர். சில மைல் தொலைவு பாதை நீண்டது. பிறகு கறையான் வந்தது! இலண்டன் பொறியாளர் நினைத்தும் பாராத பகையை ஜொகூர் மண் தன்னுள் வைத்திருந்தது. பாதை அழிந்தது. பிற நாட்டில் கண்டதை அப்படியே தம் மண்ணில் நட முடியாது. மண்ணின் இயல்பறிந்தே நட வேண்டும் என்ற பாடம் மிஞ்சியது. மலாய்த் தீபகற்பத்தில் இரயிலுக்குச் செய்த முதல் முயற்சி அதுவே என்பதனால், தோற்றும் அது பெருமைக்குரியதே.

ஆயினும் அரண்மனையும் தண்டவாளமும் புறப்பொருள்கள். அவர் இலண்டனிலிருந்து பெற விரும்பிய முதற்பொருள் வேறு. பேராவும் சிலாங்கூரும் 1874 முதல் ஆங்கில ஆலோசகரின் கைக்குள் சென்றன. ஜொகூரின் முறை எப்போது என்று சிங்கப்பூர் அதிகாரிகள் நாள் எண்ணிக்கொண்டிருந்தனர். 1885 இல் அபு பாக்கார் மீண்டும் இலண்டனில் இருந்தார். அவ்வாண்டு டிசம்பர் 11 ஆம் நாள் குடியேற்ற நாட்டு அமைச்சகத்தோடு ஓர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அயல்நாட்டு உறவைப் பிரிட்டன் கவனிக்கும்; ஜொகூரின் உள்ளாட்சி ஜொகூரிடமே இருக்கும்; அதன் ஆட்சியாளர் இனிச் சுல்தான் என்று அழைக்கப்படுவார். மறு ஆண்டு ஜூலை 29 இல், அவர் ஐரோப்பிய அரசரைப் போல் முடி சூடிக்கொண்டார். இலண்டனில் ஜொகூருக்கென ஓர் ஆலோசனைக் குழுவும் அதே ஆண்டு அமைந்தது. கோவலன் மதுரையில் மறந்த காரியத்தை அபு பாக்கார் இலண்டனில் மறக்கவில்லை.

பேக்கர் என்னும் பெயர்

முடியணிந்தவருக்கும் ஒரு சாதாரண ஆசை உண்டு. வேடிக்கை பார்க்கும் கூட்டம் பின்தொடராமல், யாரென்று அறியாதார் நடுவே, ஒரு தெருவில் காலாற நடக்க வேண்டும் என்ற ஆசை அது. பழைய தமிழ்க் கதைகளில் மாறுவேடம் பூண்டு நகர்வலம் வந்த மன்னர் பலர். அபு பாக்காரும் இங்கிலாந்தில் ‘ஆல்பர்ட் பேக்கர்’ என்னும் பெயரைச் சில வேளைகளில் பயன்படுத்தினார். பாக்கார், பேக்கர் என்ற ஒலி ஒற்றுமையில் ஒரு குறும்பும் தெரிகிறது.

அப்பெயரே பின்னர் வழக்காகி வந்தது. தமக்குத் திருமண வாக்குக் கொடுத்து அதனை மீறினார் என்று ஓர் ஆங்கிலப் பெண்மணி அவர்மீது வழக்குத் தொடுத்தார். ஜொகூரின் சுல்தான் உண்மையில் இறைமையுள்ள ஆட்சியாளர்தாமா என்று அறிய நீதிமன்றம் விழைந்தது. குடியேற்ற நாட்டு அமைச்சகம் எழுத்து மூலம் விடை அளித்தது: ஜொகூர் ஒரு சுதந்திர நாடு, அதன் ஆட்சியாளர் இவரே என்பது அதன் சாரம். வேற்றுப் பெயரில் உலவிய காலத்தும் அரசர் அரசரே. அவர் தாமே இசைந்தாலன்றி இங்கிலாந்து நீதிமன்றம் அவரை விசாரிக்க முடியாது என்று மேல்முறையீட்டு நீதிபதிகள் தீர்ப்புரைத்தனர். குற்றச்சாட்டின் மெய்யும் பொய்யும் ஆராயப்படவே இல்லை. ஆதலின் அதைப் பற்றி முடிவு கூற எவர்க்கும் உரிமை இல்லை. நீதி கேட்டு வந்த அப்பெண்மணி விடையின்றியே திரும்பினார் என்பதையும் மறத்தலாகாது.

1894 ஆம் ஆண்டுத் தொகுதியில் பதிவான அத்தீர்ப்பு, உலக நாடுகளின் சட்டம் கற்கும் மாணவர்க்கு இன்றும் பாடமாக உள்ளது. காம்பியரும் மிளகும் விளைந்த ஒரு சிறிய நாட்டின் பெயர், அவ்வாறு சட்ட நூல்களில் நிலைபெற்று விட்டது. ஜொகூர் சுதந்திர நாடு என்று இலண்டன் தன் வாயாலேயே மொழிய நேர்ந்ததும் அவ்வழக்கினால்தான். சிங்கப்பூர் அதிகாரிகள் தர மனமில்லாத சான்றிதழ், யாரும் எதிர்பாராத வாயிலில் வந்து சேர்ந்தது.

இறுதிப் பயணம்

1895 ஏப்ரல் 14 ஆம் நாள் ஜொகூருக்கு எழுத்து வடிவில் ஓர் அரசமைப்புச் சட்டம் கிடைத்தது. மலாய் மாநிலங்களில் அத்தகைய சட்டம் அதுவே முதன்மையானது. நாட்டை எந்த ஐரோப்பிய அரசுக்கும் ஆட்சியாளர் ஒப்படைத்தல் கூடாது என்ற விதியும் அதில் இடம்பெற்றது. ஐரோப்பாவைப் பன்முறை கண்டு களித்த ஒருவர், தம் நாட்டை ஐரோப்பாவிடம் கொடுக்கலாகாது என்று சட்டம் செய்தார். நட்புக்கும் அடிமைக்கும் இடையே உள்ள எல்லையை அவர் அறிந்திருந்தார் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

அச்சட்டம் பிறந்து இரண்டு மாதம் நிறையுமுன், 1895 ஜூன் 4 ஆம் நாள், தெற்குக் கென்சிங்டனில் உள்ள பெய்லி விடுதியில் அபு பாக்கார் உயிர் நீத்தார். குளோஸ்டர் சாலை நிலையத்தை நோக்கி நிற்கும் அவ்விடுதியின் முன் அன்றும் குதிரை வண்டிகள் ஓடியிருக்கும். நிலையத்தில் வண்டிகள் வந்து போயிருக்கும். தமக்கு மிக விருப்பமான நகரத்தில், தம் மக்களைவிட்டுப் பல்லாயிரம் மைல் அப்பால் அவர் வாழ்வு நிறைந்தது. உடல் கப்பல் வழியே கொண்டுவரப்பட்டு, செப்டம்பர் 7 இல் ஜொகூர் பாருவின் மமூடியா அரச அடக்கத்தலத்தில் துயில் கொண்டது.

அவர் கட்டத் தொடங்கிய பள்ளிவாசல் அப்போது முடியவில்லை. 1892 இல் தொடங்கிய பணி 1900 இல் நிறைவேறி, அவர் பெயரையே தாங்கியது. இரண்டாயிரம் பேர் ஒருங்கே தொழத்தக்க அப்பள்ளிவாசலின் தூபிகளை உற்று நோக்குவோர், விக்டோரியா காலத்து ஆங்கில மணிக்கூண்டுகளின் சாயலை அவற்றில் காண்பர். தேம்ஸ் கரையில் கண்ட அழகு, தெப்ராவ் நீரிணையின் கரையில் தொழுகைக்கு அழைக்கும் கோபுரமாயிற்று. கண்டதைத் தனதாக்கிக் கொள்ளுதல் என்பது இதுவே. மர இரயிலில் தோற்ற பாடம் இங்கே வென்றது.

கண்ணாடி வீட்டில் முளைத்த விதி

சுல்தான் இலண்டனில் அரச குடும்பத்தாரோடு விருந்துண்ட அதே காலத்தில், நகரத்தின் மேற்கே கியூ பூங்காவில் வேறொரு கதை நடந்தது. ஜொகூர்த் தமிழரின் வரலாறு உண்மையில் அங்கேதான் தொடங்குகிறது.

1876 ஜூன் மாதம், ஹென்றி விக்காம் என்பார் பிரேசில் நாட்டுக் காட்டில் திரட்டிய ஏறத்தாழ எழுபதாயிரம் இரப்பர் விதைகள் கியூவுக்கு வந்து சேர்ந்தன. கண்ணாடி வீடுகளின் வெப்பத்தில் அவற்றை ஊன்றினர். முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. அவற்றுள் பெரும்பாலானவை இலங்கைக்குச் சென்றன. 1877 இல் 22 இளஞ்செடிகள் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவுக்கு வந்தன. 1888 இல் அப்பூங்காவின் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் முறையைச் செம்மைப்படுத்தி, நடுமாறு தோட்டக்காரர்களைத் தூண்டி வந்தார். அதன்பின் காடுகள் வீழ்ந்தன, பால்மரம் எழுந்தது. தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆர்க்காடு மாவட்டங்களின் சிற்றூர்களிலிருந்து தமிழர் கப்பல் கப்பலாக வந்திறங்கினர். 1909 இல் ஜொகூர் இரயில் பாதை முடிவுற்றதும், கூலாய், ரெங்கம், குளுவாங், லாபிஸ், சிகாமட் என வழி நெடுகத் தோட்டங்கள் விரிந்தன.

இன்று கியூ பூங்கா இலண்டனின் இனிய காட்சிகளுள் ஒன்று. 1848 இல் முடிந்த அதன் பனை இல்லத்துள் நுழையும் ஐரோப்பியர், வெப்ப நாட்டு மரங்களைக் கண்டு வியப்பர். ஜொகூர்த் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவர் அங்கே நுழைந்தால், அந்த ஈரக் காற்றும் இலை வாடையும் அவருக்கு வியப்பளிக்க மாட்டா. விடியற்காலையில் வாளியும் கத்தியுமாகத் தாய் தந்தையர் மரம் சீவச் சென்ற நாள்களையே நினைவூட்டும். உல்லாசத்துக்கென அமைந்த ஒரு பூங்கா, கடலுக்கு அப்பால் பல்லாயிரம் குடும்பங்கள் எங்கே பிறப்பது, எங்கே இறப்பது என்பதை வகுத்தது.

இலண்டனின் வணிகப் பகுதியில் மின்சிங் லேன் என்றொரு சிறு தெரு உண்டு. இரப்பர் விலை அங்கே பேசப்பட்டது. 1910 ஏப்ரலில் ஒரு பவுண்டு இரப்பர் 12 ஷில்லிங்குக்கும் மேல் ஏறியபோது பங்குதாரர்கள் ஒரே நாளில் செல்வராயினர். 1932 இல் அது 2 பென்சுக்கும் கீழே வீழ்ந்தபோது, அத்தெருவின் பெயரைக்கூடக் கேட்டறியாத தொழிலாளர் பல்லாயிரவர் வேலையிழந்து தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். லயத்தில் வாழ்ந்தவர்க்கு இலண்டன் என்பது தோட்டத் துரைக்கும் மேற்பட்ட துரை வாழும் ஊர். அங்கிருந்து வரும் கட்டளையைக் கிராணி சொல்வார், கங்காணி நிறைவேற்றுவார். பின்னர் அத்தெருவில் ‘பிளாண்டேஷன் ஹவுஸ்’ என்னும் பெரிய மாளிகை எழுந்தது. அதுவும் இடிக்கப்பட்டு, ‘பிளாண்டேஷன் பிளேஸ்’ என்னும் கட்டடம் 2004 இல் அவ்விடத்தைப் பிடித்தது. தோட்டம் என்ற சொல் மட்டும் சில காலம் பெயரில் எஞ்சியிருந்தது. அதைக் கடந்து சென்றோருள் எத்தனை பேர்க்கு அச்சொல்லின் பொருள் தெரிந்திருக்கும்?

காண்பார்க்குரிய கடன்

அபு பாக்கார் காத்த தனியுரிமை என்றும் நிலைக்கவில்லை. 1914 இல் ஆங்கிலப் பொது ஆலோசகரை ஜொகூர் ஏற்க வேண்டியதாயிற்று. இழந்ததை மீட்கவும் இலண்டனுக்கே செல்ல நேர்ந்தது. 1956 பிப்ரவரி 8 ஆம் நாள் லங்காஸ்டர் மாளிகையில் மலாயாவின் விடுதலைக்கான உடன்பாடு கையெழுத்தானபோது, துங்கு அப்துல் ரகுமானுடன் சென்ற குழுவில் ஜொகூர் பாருவில் பிறந்த டாக்டர் இஸ்மாயிலும் இருந்தார். அக்குழுவின் எண்மருள் தமிழர் ஒருவரும் இலர். நாட்டின் செல்வத்தை மரத்திலிருந்து சீவியெடுத்தவர்கள் அப்பயணத்தில் இல்லை. அதனைக் குறையாகச் சொல்லிப் புலம்புவதில் பயனில்லை. ஆனால் மறப்பதிலும் பயனில்லை.

அபு பாக்காரின் மைந்தர் சுல்தான் இப்ராகிமும், ஏறத்தாழ 64 ஆண்டுகள் ஆட்சி செய்தபின், 1959 மே 8 இல் இலண்டனிலேயே மறைந்தார். தந்தைக்கும் மகனுக்கும் இறுதி மூச்சு ஒரே நகரத்தில் அடங்கியது. ஜொகூருக்கும் இலண்டனுக்கும் இடையே அத்துணை நெருங்கிய ஓர் உறவு.

இன்று காலம் மாறிவிட்டது. பால்மரம் நின்ற இடங்களில் செம்பனை நிற்கிறது; பல தோட்டங்கள் வீட்டு மனைகளாகிவிட்டன. லயத்தில் பிறந்தோரின் பேரப்பிள்ளைகள் மருத்துவமும் சட்டமும் பொறியியலும் கற்க இலண்டன் செல்கின்றனர். ஓய்வு பெற்ற ஆசிரியரும் அலுவலரும் குழுவாகச் சேர்ந்து ஐரோப்பியச் சுற்றுலா செல்கின்றனர். மணிக்கூண்டின் முன் நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். முடியணிகளின் ஒளியைக் கண்டு திகைக்கின்றனர். சுரங்க வண்டியில் ஏறி மகிழ்கின்றனர். இவையனைத்தும் துய்க்கத் தக்க இன்பங்களே. உழைத்துக் களைத்த தலைமுறையின் வழிவந்தோர் உல்லாசமாக ஊர் காண்பதை எவர் குறை கூறுவர்?

ஆயினும் ஜொகூரிலிருந்து செல்பவர் இலண்டனை அயலாராகக் காண வேண்டியதில்லை. அந்நகரின் கணக்கேட்டில் அவர் முன்னோரின் வரவும் உண்டு. அரண்மனைகளைக் கண்டபின் ஒரு முற்பகல் கியூ பூங்காவுக்குச் சென்று, அந்தக் கண்ணாடி வீடுகளில் சற்று நேரம் நிற்கலாம். வணிகப் பகுதியில் அச்சிறு தெருவைத் தேடிப் பார்க்கலாம். குளோஸ்டர் சாலையில் இறங்கி, ஓர் அரசர் தம் நாட்டை எண்ணியவாறு கண் மூடிய விடுதியை ஏறிட்டு நோக்கலாம். உடன் வந்த பிள்ளைகளுக்கு, பாட்டனார் எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆயினும் இந்நகரத்தின் செல்வத்தில் அவர் கைவேலையும் இருக்கிறது என்று எடுத்துச் சொல்லலாம்.

அப்படிச் சொல்லக் கேட்ட பிள்ளை, நகரத்தின் உயரத்தைக் கண்டு தாழ்வு மனப்பான்மையும் கொள்ளாது. பழைய துயரை நினைத்துப் பகையும் கொள்ளாது. தன் குடும்பத்துக்கும் இந்த உலகத்துக்கும் உள்ள தொடர்பு இன்னதென அறிந்துகொள்ளும். அபு பாக்கார் இலண்டனிலிருந்து நாட்டின் உரிமையைக் கொண்டு வந்தார். தோட்டத் தமிழரின் வழித்தோன்றல்கள் தங்கள் வரலாற்றை அறிந்த தெளிவைக் கொண்டு வரலாம். ஊர் கண்டு திரும்புவோர் வீட்டுக்குக் கொண்டுவரும் பொருள்களில் அதுவே எடை குறைந்தது. நெடுநாள் இருப்பதும் அதுவே.